உட்கார்ந்திருப்பவரின் வலது கால்

இந்தக் கதையில் சில விஷயங்கள் எனக்கு நிச்சயமில்லை. ஜன்னல் மாஸ்டருக்கு இடப்பக்கம் இருந்ததா, முதுகுப் பக்கம் இருந்ததா என்று யாராவது கேட்டால் தலையைத்தான் சொறிவேன். பேக்கரிக்காரர் வரைந்த படத்தில் மூக்கு மூன்றா நான்கா என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. வெகுநாள் மனசுக்குள் கிடந்த கதை, கிடந்த இடத்தின் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். அதனால் நானாக எதையும் சேர்க்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வலது கால் விஷயத்தில் சந்தேகமே கிடையாது. அதை எல்லோரும் பார்த்தார்கள், காலுக்குச் சொந்தக்காரரைத் தவிர.

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். ஊரில் ஓடுகிற கார்களில் பாதி அவர் பழக்கிவிட்ட கைகளில்தான் ஓடியது. அவருடைய காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து சீட்டில் அவர் காலடியில். பழக வருகிறவர்களிடம் அந்த இரண்டாவது பிரேக் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அவர் பேப்பர் படிப்பார், கொட்டாவி விடுவார், அவசரம் வந்தால் மட்டும் ஒரு மிதி.

அவர் மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தால் கதையே வேறு. ரோட்டோரம் நாய் தூங்கினால் பிரேக். நாய் எழுந்து பார்த்தால் பிரேக். நாயே இல்லாவிட்டால், எங்கே போயிற்று என்று ஒரு பிரேக். வருஷக்கணக்கில் அந்த அம்மா கார் பழகினார். டெஸ்டுக்குப் போகலாமா என்று கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் கை வரணும்" என்பார் மாஸ்டர்.

கடைசியாக அவர்கள் சேர்ந்து போனது நான்கு ரோடு கூடும் இடத்தில் முடிந்தது. பச்சை விளக்கு. அந்த அம்மா சரியாகத்தான் எடுத்தார். நட்டநடுவில் மாஸ்டர் மிதித்தார். நாலு பக்கமும் ஹாரன். பஸ் டிரைவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, வீட்ல வேற யாரும் ஓட்டத் தெரிஞ்சவங்க இல்லையா" என்று கேட்டார். அந்த அம்மா இறங்கினார். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட மாஸ்டருக்குத் தேவலை. மெதுவாக, சத்தம் வராமல், குழந்தை தூங்கும் அறையைச் சாத்துகிற மாதிரி சாத்திவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனார்.

அன்றோடு பேச்சு நின்றது. முழுக்க நின்றது என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதை அந்த அம்மா ஃப்ரிட்ஜிடம் சொல்வார். "சாப்பாடு மேசைமேல இருக்கு" என்று ஃப்ரிட்ஜுக்குத் தகவல் போகும். மாஸ்டர் சாப்பிடுவார். "உப்பு சரியா இருக்கு" என்று அவரும் ஃப்ரிட்ஜைப் பார்த்தே சொல்லிப் பார்த்தார். பதில் வரவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமலிருந்தால், அதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்க ஆரம்பிக்கும். குழாய் சொட்டுவது, கடிகாரம் முள்ளை நகர்த்துவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பது. மாஸ்டர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்புறம்தான் அந்த அம்மா படம் வரையும் வகுப்பில் சேர்ந்தார். 'பென்சில் முதல் எண்ணெய் வண்ணம் வரை, முன்னே பின்னே வரையாதவர்களுக்கு' என்று லாண்டிரி வாசலில் ஒரு தட்டி. லாண்டிரிக்கு மேல்மாடிதான் வகுப்பு. சேர்ந்த அன்றைக்கே அவர் தன் அக்காவிடம் போனில் பேசியது மாஸ்டர் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் பேசினார்.

"வர்றேன்க்கா. இந்தக் கிளாஸ் முடியட்டும், மறுநாளே பஸ் ஏறிடறேன். எத்தனை நாளா? நாள் கணக்கெல்லாம் எதுக்கு. துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் வர்றேன்."

மாஸ்டருக்குக் கிளாஸ் எப்போது முடியும் என்று ஃப்ரிட்ஜிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த அம்மா ரப்பரை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். படம் வரைகிறவர்கள் வைத்திருக்கிற அந்தப் பிசையும் ரப்பர். பார்க்கப் பிசைந்த மாவு மாதிரி இருக்கும். மாஸ்டர் முதலில் அதைக் கடித்துப் பார்த்தார். பிறகு, என்னவென்று புரிந்து, கடித்த இடத்தை விரலால் நீவிச் சரிசெய்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரப்பரைக் கொடுக்கிற சாக்கில் ஒரு வார்த்தையாவது வரும் என்ற நப்பாசை.

மாடியில் சுடுதண்ணீரும் சோப்பும் கலந்த ஆவி தரை இடுக்குகளில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டத்தில் குத்தியிருந்த காகிதமெல்லாம் ஓரம் சுருண்டிருந்தது. நடுவில் ஒரு காலி நாற்காலி. அதைச் சுற்றிப் பலகைகளோடு நான்கு பேர்: பல் டாக்டர், பேக்கரிக்காரர், எல்லோரும் தையல் அக்கா என்று கூப்பிடுகிற ஒரு பெண்மணி, ஓரமாக மாஸ்டரின் மனைவி. டீச்சர் சின்ன வயசுக்காரி. தலையில் பென்சில் செருகியிருந்தாள். வழக்கமாக உட்காருகிற ஆள், ரிட்டையர் ஆன போஸ்ட்மேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று அப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாஸ்டர் வாசலில் தலையை நீட்டினார். டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்படியே நில்லுங்க சார். கண்ணுக்குக் கீழ என்ன அழகா நிழல் விழுது."

"அது தூக்கம் வராம வந்தது."

"எப்படி வந்தா என்ன. உட்காருங்க."

ஓரத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது, பலகையைப் பார்த்தபடி. "வேற ஆள் பாருங்க டீச்சர். இவரால ஒரு இடத்துல சும்மா இருக்க முடியாது."

இதைக் கேட்ட பிறகு எந்தப் புருஷன்தான் வெளியே போவான். மாஸ்டர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் சாக்பீஸால் அவர் செருப்பைச் சுற்றித் தரையில் கோடு போட்டாள், அடுத்த வாரமும் அதே இடத்தில் கால் வைக்க.

அன்றைக்குப் பாடம் அளவு. கையை நீட்டி, பென்சிலை நட்டுக்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். தலை ஒரு பென்சில் முனை உயரம் என்றால், உடம்பு அதைப்போல எத்தனை மடங்கு என்று. நான்கு பேரும் ஒரே சமயத்தில் ஒற்றைக் கண்ணால் குறி பார்த்தபோது மாஸ்டருக்கு வியர்த்தது.

"இடது தோள் இறங்கியிருக்கு" என்றார் தையல் அக்கா. "இவருக்கு ரெடிமேட் சட்டையே நிக்காதே."

"கீழ் வரிசையில ஒண்ணு ஆடுது" என்றார் பல் டாக்டர்.

"நான் வாயே திறக்கலையே டாக்டர்."

"தாடையைப் பார்த்தாலே தெரியும்."

அடுத்தது, காகிதத்தைப் பார்க்காமல் வரைவது. கண் ஆள்மேலேயே இருக்க வேண்டும். கண் எறும்பு மாதிரி அவர் ஓரங்களில் ஊர்ந்து போக, கை தானாகப் பின்னால் வர வேண்டும். "தெரிஞ்சதை வரையாதீங்க, பார்க்கிறதை வரைங்க" என்றாள் டீச்சர். "இவர் யாருங்கறதை மறந்துடுங்க. கோடு எங்க வளையுது, அவ்வளவுதான்."

பென்சில்கள் உரசுகிற சத்தம் மட்டும். மாஸ்டர் கண்ணை மட்டும் திருப்பி ஓரத்தைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் ஃப்ரிட்ஜுக்குப் போன பார்வை. பிறகுதான் அந்தப் பார்வை தன்னை அல்ல, தன் காது மடலின் கீழ் வளைவைப் பார்க்கிறது என்று புரிந்தது. இருந்தாலும் காதும் தன்னுடையதுதானே என்று தேற்றிக்கொண்டார்.

முடிந்ததும் படங்களைக் காட்டினார்கள். பேக்கரிக்காரர் படத்தில் காது தாடைக்குக் கீழே தொங்கியது. தையல் அக்கா படத்தில் தலை ஒரு பக்கம், கழுத்து இன்னொரு பக்கம். ஆனால் எல்லாப் படத்திலும் ஒரு விஷயம் ஒன்றுபோல இருந்தது: வலது கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கசங்கல்.

"சார், கால் நகருது" என்றாள் டீச்சர்.

"நகரலையே."

"நகருது சார்" என்றார்கள் மூன்று பேரும்.

ஓரத்தில் அந்த அம்மா தன் படத்தைத் திருப்பி வைத்திருந்தார். மாஸ்டர் ரப்பரை நீட்டினார். வாங்கிக்கொண்டார். பல் பட்ட இடத்தைத் திருப்பிப் பார்த்தார். வாய் ஓரம் ஏதோ அசைந்தது, அது சிரிப்பு என்று கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியாது.

போஸ்ட்மேனின் இடுப்பு சரியாவதாக இல்லை. மாஸ்டர் சனிக்கிழமை தவறாமல் வந்தார். இருவரும் ஒரே வீட்டிலிருந்து தெருவின் இரண்டு ஓரமாக நடந்து ஒரே மாடிக்கு வருவார்கள்.

கரிக்குச்சி வகுப்பில் ஒளியும் நிழலும் பழகினார்கள். வெளிச்சம், அரை நிழல், முழு நிழல். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், முகம் தானாக எழுந்து வரும் என்றாள் டீச்சர். பேக்கரிக்காரர் தேய்த்த தேய்ப்பில் மாஸ்டர் அடுப்பில் மறந்துபோன ரொட்டி மாதிரி எழுந்து வந்தார். இன்னொரு நாள், பொருளை விட்டுவிட்டு இடைவெளியை வரையச் சொன்னாள். நாற்காலியை வரையக் கூடாது; நாற்காலிக் கால்களுக்கு நடுவில் தெரிகிற காலி இடத்தை வரைந்தால் நாற்காலி தன்னால் வந்து நிற்கும். மாஸ்டர் அதைக் கேட்டு வெகுநேரம் யோசித்தார். வீட்டில் இவ்வளவு காலி இடம் கிடக்கிறது, அதை வரைந்தால் என்ன வந்து நிற்கும் என்று.

காலுக்கு டீச்சர் வைத்தியம் பார்த்தாள். கீழே லாண்டிரியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை வாங்கி முழங்காலோடு போர்த்தினாள். விரிப்பு துடித்தது. பிறகு செருப்பை நாற்காலிக் காலோடு கயிற்றால் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியே ஒரு சாண் முன்னால் போயிருந்தது.

"மாஸ்டர், வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"கயிறை அவுத்துடுங்க டீச்சர்" என்றது ஓரத்துக் குரல். "அது கட்டி நிக்கிற கால் இல்ல."

பிறகு நீர்வண்ணம். அதில் வெள்ளைக்கு வெள்ளைச் சாயம் கிடையாது, காகிதம்தான் வெள்ளை. வேண்டிய இடத்தில் தொடாமல் விட்டுவிட வேண்டும். வெளிறியது முதலில், அடர்ந்தது பிறகு. ஓடுகிற தண்ணீரைத் துரத்தக் கூடாது. தையல் அக்காவால் துரத்தாமல் இருக்க முடியவில்லை. பஞ்சை எடுத்து ஒற்றி ஒற்றிக் காகிதத்தில் ஓட்டையே விழுந்தது. "ஒட்டுப் போட்டுடலாம்" என்றார்.

மாஸ்டர் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் சாய்த்திருந்த ஒரு பழைய கண்ணாடியில் மனைவியின் பலகை தெரிந்தது. அவர் தூரிகை நிறையத் தண்ணீர் எடுத்து, நெற்றியில் ஒரு நீலச் சாம்பலை விட்டார். அது கன்னத்தில் இறங்கியது. கண்ணை நோக்கித் திரும்பியது.

மாஸ்டரால் தாங்க முடியவில்லை. "ஏய், பாத்து, பாத்து, நிறுத்து" என்றபடி வலது காலால் ஒரே மிதி. பலகைத் தரை குதித்தது. பேக்கரிக்காரர் பக்கத்திலிருந்த தண்ணீர் ஜாடி கவிழ்ந்து, இடுக்கு வழியாக லாண்டிரிக்குள் இறங்கியது. கீழே யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காக நீளமாக வருத்தப்பட்டார்.

மனைவி தூரிகையை வைத்தார். மாதங்களுக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். "நீங்க மிதிக்காதீங்க. ஓடட்டும்."

அவ்வளவுதான். நீலச் சாம்பல் கண்ணுக்குக் கீழே வந்து, கொஞ்சம் தயங்கி, அங்கேயே தங்கியது. காய்ந்தபோது அது அந்தத் தூக்கமில்லாத நிழலாகவே இருந்தது. மாஸ்டர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வார்த்தைகளையே நினைத்துக்கொண்டு போனார். திட்டுதான். ஆனால் ஃப்ரிட்ஜுக்கு விழுந்த திட்டு இல்லை, தனக்கே தனக்கு விழுந்தது.

எண்ணெய் வண்ணம் வந்தது. தப்பைச் சுரண்டி மேலே பூசலாம் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்தது. கடைசியில், அவரவருக்குப் பிடித்த பாணியில் ஒரு முழுப் படம் என்றாள் டீச்சர். பழைய படங்களின் அச்சுகளைக் காட்டினாள். உள்ளது உள்ளபடி வரைவது ஒன்று; கிட்டே போனால் புள்ளி, தள்ளி நின்றால் உருவம் என்பது ஒன்று; முன்பக்கம் பின்பக்கம் எல்லாவற்றையும் உடைத்து ஒரே தட்டில் அடுக்குவது ஒன்று. பல் டாக்டர் புள்ளியை எடுத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் உடைப்பதை எடுத்துக்கொண்டார். தையல் அக்கா உள்ளது உள்ளபடி. ஓரத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா கண்ணாடியையும் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

கடைசி சனிக்கிழமை. வீட்டுக் கூடத்தில் பெட்டி தயாராக நின்றது. மறுநாள் காலை பஸ். மாஸ்டர் அன்றைக்கு வகுப்புக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஏன் என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பல் டாக்டர் படத்தில் பற்கள் மட்டும் கிட்டே போனாலும் தெரிந்தன. வலது காலில் புள்ளிகள் கொசுக்கூட்டம் மாதிரி கலைந்து பறந்தன. தையல் அக்கா சட்டையின் தையலைக்கூட விடாமல் வரைந்து, கால் வந்ததும் பேன்ட்டை ஒரு முழம் இறக்கி மூடிவிட்டார். பேக்கரிக்காரர் படத்துக்கு முன்னால் மாஸ்டர் வெகுநேரம் நின்றார்.

"இதுல என் மூக்கு எது?"

"பிடிச்சதை எடுத்துக்குங்க மாஸ்டர்."

"கால்?"

"மாவு மூட்டைக்குப் பின்னாடி இருக்கு."

கடைசியாக ஓரத்துப் படம். பக்கவாட்டில் பார்த்த உருவம். நாற்காலி இல்லை, அதைச் சுற்றியிருந்த இடைவெளி மட்டும் பூசப்பட்டு, இருக்கை வெறும் துணியாக வெள்ளையாய் நின்றது. வலது கால் ஒன்றல்ல. தூக்கிய கால், இறங்குகிற கால், அழுத்திய கால் என்று வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாக் கால்களும் இருந்தன. அவ்வளவு காலுக்கு மேலே ஒரு முகம்.

மாஸ்டர் தன் முகத்தை இத்தனை நாளும் ஒரு மாதிரி நினைத்து வைத்திருந்தார். நிதானமான முகம், எதையும் சமாளிக்கிற ஆளின் முகம். படத்தில் இருந்தவர் பயந்திருந்தார். கண் அகன்று, தாடை இறுகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. மனைவி ஏன் எப்போதும் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்தார் என்று. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் இப்படித்தான் தெரிவார்.

மனைவி பின்னால் வந்து நின்றிருந்தார்.

"நான் பிரஷ்ஷைத் தூக்கினா மிதிக்கிறீங்க, வச்சா விடறீங்க" என்றார். "முழுசா ரெண்டு கிளாஸ் வச்சு வச்சு எடுத்துப் பாத்தேன்."

"என் முகம் இப்படியா இருக்கு?"

"எப்பவும் இல்ல. நான் ஓட்டும்போது."

மாஸ்டர் படத்தையே பார்த்தார். "உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நேர்மை குறுக்கே வந்தது. "பக்கத்துல நானும்தானே உட்கார்ந்திருக்கேன்."

மாஸ்டர் திரும்பிப் படியிறங்கிப் போனார்.

அந்த அம்மா படத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது, லாண்டிரிக்குப் பின்னால் முட்டுச்சந்தில் கார் நின்றது. பக்கத்து சீட்டின் கதவு திறந்திருந்தது. அதிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஸ்பேனர் சத்தம். பிறகு மாஸ்டர் தலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்து, கிரீஸ் படிந்த ஒரு பெடலை நீட்டினார்.

"இதை எங்கயாவது வச்சுக்கோ."

அந்த அம்மா அதை வாங்கிப் பின்சீட்டில் படத்தோடு வைத்தார். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

கார் கிளம்பியது. சந்து நேர்சந்து. கடைசியில் லாண்டிரிக்காரரின் தள்ளுவண்டி, மலையாகக் குவித்த படுக்கை விரிப்புகளோடு. மாஸ்டரின் கால் வெறும் தரையை மிதித்தது. மறுபடி மிதித்தது. கார் அது பாட்டுக்குப் போயிற்று. அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். அவளே பிரேக் போட்டுக்கொள்வாள். இதோ போடுவாள். கார் சீராக, மரியாதையாக, வேகம் கூடாமல் குறையாமல் போய்த் தள்ளுவண்டியில் மெத்தென்று முட்டியது. விரிப்புகள் சரிந்து முன்கண்ணாடியை மூடின. உள்ளே வெள்ளை இருட்டு. எஞ்சின் அணைந்தது.

இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குப் பிரேக் போடத் தெரியலங்க" என்றார் அந்த அம்மா மெதுவாக. "கார் தன்னால நிக்கும்னே கால் இருந்துடுச்சு. இத்தனை வருஷமா ஒரு நாளும் நான் போட்டதில்ல."

மாஸ்டர் யோசித்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தவர். "நான் போட விடலியே" என்றார்.

முதலில் யார் சிரித்தது என்பதில் இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. லாண்டிரிக்காரர் ஓடிவந்து விரிப்பை விலக்கியபோது, உள்ளே இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் உண்மை. அவர், இருவரும் அடிபட்டு அழுகிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

"காலையில பஸ்ஸு" என்றார் மாஸ்டர், சிரிப்பு அடங்கின பிறகு.

"பஸ்ஸுதான்" என்றார் மனைவி. "அக்காகிட்ட சொல்லிட்டேன். பெட்டியிலருந்து பாதித் துணியை எடுத்து மறுபடி பீரோவுல வைக்கணும்." பிறகு, "இப்ப ரிவர்ஸ் எடுக்கறேன். பின்னாடி பாருங்க. மிதிக்காதீங்க" என்றார்.

பிறகு நடந்தது இதுதான். அந்த அம்மா அக்கா வீட்டுக்குப் போனார், கொண்டுபோன துணி தீர்ந்ததும் திரும்பி வந்தார். பிரேக் போடுவதை மட்டும் தனியாக ஒரு வாரம் பழகினார். முதல் டெஸ்டில் தேவைக்கு மேலேயே போட்டுத் தோற்றார், அடுத்ததில் தேறினார். இப்போது அக்கா வீட்டுக்கு அவரே ஓட்டிப்போகிறார். மாஸ்டர் பழக வருகிறவர்களுக்காகப் பெடலை மறுபடி மாட்டிக்கொண்டார். மனைவி ஓட்டினால் பின்சீட்டில் உட்காருகிறார், முன்சீட்டின் முதுகில் அவர் செருப்புத் தடம் இருக்கிறது. பல் டாக்டர் புள்ளிப் படத்தைத் தன் கிளினிக்கில் மாட்டியிருக்கிறார், ஆடிய பல்லைப் பிடுங்கியும் விட்டார். பேக்கரிக்காரர் படம் வரைவதை விட்டுவிட்டார். தையல் அக்கா இப்போதும் வரைகிறார், கால்கள் இல்லாமல். போஸ்ட்மேன் குணமாகி நாற்காலிக்குத் திரும்பினார், அவர் அசைவதே இல்லை, அது டீச்சருக்கு அலுப்பாக இருக்கிறதாம். மாஸ்டரின் படம் அவர் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு மேலே தொங்குகிறது.